பூனைதானே

"பூனைதானே, இன்னொன்னு வாங்கிக்கலாம்ல?" சுக்கு செத்த மறுநாள் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். நல்ல மனுஷன். எனக்கும் சேர்த்து டீ வாங்கிவந்துதான் கேட்டார். அதனால் அன்றைக்குப் பேசாமல் குடித்தேன். இப்போது சொல்கிறேன்.

முதலில், சுக்கை யாரும் வாங்கவில்லை. சைதாப்பேட்டையில் நான் குடியிருக்கும் வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கத்திக்கொண்டு கிடந்தான். அப்புறம் 9 வருஷம் இருந்தான்.

'கிடந்தான்' என்றால் சிலருக்குச் சிரிப்பு வருகிறது. அஃறிணையாம். பள்ளிக்கூடத்தில் திணை வழுவமைதி படித்தோமே, அதையும் கொஞ்சம் ஞாபகம் வைத்திருக்கலாம். உவப்பினால் பசுவை 'அம்மை' என்று அழைத்தால் குற்றமில்லை என்கிறது இலக்கணம். நன்னூலுக்கு இருந்த மனசு நம் ஆபீஸுக்கு இல்லை.

இலக்கியத்துக்காவது இருந்ததா? பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனை கம்பராமாயண அவையடக்கத்தில் வருகிறது. அது பூனை இல்லை, கம்பர். பல நிறத்தில் குட்டி போட்ட வெள்ளைப் பூனையைப் பாரதி பாடினார். அதுவும் மனுஷர்கள்தான். கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருண்டதாக நினைக்கும் பழமொழிப் பூனை, குறுக்கே போகும் சகுனப் பூனை என்று எல்லாமே நம்மைப் பற்றியவை. பூனை வெறும் பூனையாக வந்து, பூனையாகவே செத்துப்போவதற்கு இடம் எங்கே? (கொஞ்சம் மிகைதான். கோபத்தில் எழுதுகிறேன்.)

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் மேல் இன்னும் கோபம். "வானவில் பாலத்தைக் கடந்துட்டான்", "தேவதை ஆயிட்டான்" என்று படத்தோடு அனுப்பினார்கள். எந்த ஊர்ப் பாலம் இது? சுக்கு ஒரு பாலத்தையும் கடக்கவில்லை. சிறுநீரகம் கெட்டு, நாலரைக் கிலோ இருந்தவன் இரண்டரைக் கிலோவாகிச் செத்தான். தேவதையும் இல்லை. அணில் குஞ்சைக் கொன்று என் தலையணையில் வைத்தவன். பக்கத்து வீட்டுப் பாப்பாவைக் கடித்தவன்.

டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி தினமும் அவன் தோலுக்கடியில் 100 மில்லி சலைன் ஏற்றினேன். ஊசியைப் பார்த்தாலே பீரோவுக்கு அடியில் ஓடிவிடுவான். இழுத்து எடுப்பதற்குள் கையெல்லாம் கீறல். கடைசி வாரம் அவன் ஓடவில்லை. மடியில் அப்படியே படுத்திருந்தான். "இப்பல்லாம் எவ்ளோ சமத்தா இருக்கான்" என்று சந்தோஷமாக அம்மாவுக்கு போன் பண்ணிச் சொன்னேன். ஓடத் தெம்பில்லை என்பது எனக்குப் புரியவில்லை. வானவில்லை வரைந்துவிட்டால் அந்த போன் காலை எங்கே வைப்பது? எனக்கு அது வேண்டும். கீறலும் வேண்டும், அணில் குஞ்சும் வேண்டும். "குழந்தை மாதிரி வளர்த்தீங்களே" என்றும் சொல்லாதீர்கள். குழந்தை மாதிரி இல்லை. பூனை. அதற்குத்தான் அழுகிறேன்.

புதைக்க மண் இல்லை. சைதாப்பேட்டையில் எங்களுக்கு சிமெண்ட் தரைதான். வீட்டுக்காரர் தென்னை மரத்தடியைத் தர மறுத்துவிட்டார். பழைய வேட்டியில் சுற்றி, பையில் வைத்து, செங்கல்பட்டு மின்சார ரயிலில் ஏறினேன். "என்ன தம்பி, சாப்பாடா? மேல வைக்கலாமே" என்றார் எதிர் சீட்டுக்காரர். மடியிலேயே இருக்கட்டும் என்றேன்.

அத்தை வீட்டுக் கொல்லையில், நாய் தோண்டாத ஆழத்துக்குக் குழி வெட்டினோம். எங்கள் வீட்டுக்கு வந்தால் சுக்கைக் கண்டதும் காலை மடக்கிக்கொண்டு உட்காருகிற அத்தை, யாரும் கேட்காமலே கல்லுப்பு கொண்டுவந்து போட்டார். மண் தள்ளி முடித்ததும் ஒரு டம்ளர் பாலோடு வந்தார்.

"அத்தை, அவனுக்குப் பால் ஆகாது. வயித்தால போகும்."

"பூனைக்குப் பால் ஆகாதா?"

"சுக்குக்கு ஆகாது."

அத்தை ஒரு நிமிஷம் டம்ளரையே பார்த்தார். உள்ளே போய் ஒரு பிடி நெத்திலிக் கருவாடு எடுத்துவந்தார்.