மச்சத்தை விட்டேன், சாப்பாட்டை விடவில்லை



சென்ற மாதம் ஒரு சகோதரி என்னிடம், "அக்கா, நான் சைவத்துக்கு மாறி ஒரு வருடமாகிறது. இப்போது கிணற்றில் நாலு வாளி தண்ணீர் அள்ளினாலே மூச்சு வாங்குகிறது. மீன் சாப்பிடாததால்தானோ?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை உங்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அது நான் பட்டு அறிந்தது.

2009 மே மாதத்தில் என் கணவர் காணாமற் போனார். அவர் திரும்பி வரும்வரை மச்சம் தொடுவதில்லை என்று முகாமில் இருந்தபோது நேர்த்தி வைத்தேன். எங்களில் எத்தனையோ பேர் இப்படி ஏதாவது ஒன்றை விட்டிருக்கிறோம். 2010 இல் கிளிநொச்சியில் மீளக்குடியமர்ந்த பின், இரண்டு பிள்ளைகளையும் வளர்க்கக் கூலி வேலைக்குப் போனேன். ஐந்து மைல் சைக்கிள் மிதித்துப் போய், நாள் முழுவதும் குனிந்து நின்று கச்சான் பிடுங்குவேன். பிள்ளைகளுக்கு மீன் கறி ஆக்கிக் கொடுப்பேன். எனக்கென்று வேறாக ஒரு கறி வைக்க மனம் வராது. எல்லோரும் சாப்பிட்ட பின், மிச்சச் சோற்றில் சொதியை விட்டு, ஊறுகாயுடன் முடித்துக்கொள்வேன். உடனே ஒரு கோப்பை வெறுந்தேநீர். இதுதான் சைவச் சாப்பாடு என்று நினைத்திருந்தேன்.

2013 இல் ஒரு நாள் தோட்டத்திலேயே தலை சுற்றி விழுந்தேன். இரத்தப் பரிசோதனையில் ஈமோகுளோபின் 8.9 என்று வந்தது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு அது 12 இற்குக் குறையக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரை தந்து, மீன் சாப்பிடச் சொன்னார்கள். நான் நேர்த்தியைச் சொல்லி அழுதேன். அங்கிருந்த தாதி அக்கா என்னைப் பக்கத்தில் இருத்தி, "நேர்த்தியை வைத்திரு பிள்ளை. ஆனால் கோப்பையில் மீன் இருந்த இடத்தை வெறுமையாக விடாதே" என்றார்.

அன்று அவர் சொல்லித் தந்தவற்றை இன்றும் கைக்கொள்கிறேன்.

முதலாவது, புரதம். 50 கிலோ நிறையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 40 கிராம் வேண்டும். உடல் முறிய வேலை செய்பவர்களுக்கு இன்னும் சற்றுக் கூடினால் நல்லது. பருப்பு, பயறு, கௌபி, கடலை, உழுந்து இவற்றில் 100 கிராமில் 20 முதல் 25 கிராம் வரை புரதம் உண்டு. காய்ந்த சோயாமீற்றில் அதைப் போல் இரு மடங்கு. காலையில் அவித்த பயறு, மதியம் கட்டியான பருப்புக்கறி, மாலையில் ஒரு கை கச்சான் அல்லது கடலை என்று பிரித்துச் சாப்பிட்டால், சோற்றிலும் புட்டிலும் உள்ளதோடு சேர்ந்து போதுமானது கிடைத்துவிடும்.

இரண்டாவது, இரும்புச்சத்து. பயறு வகைகளிலும், எள்ளிலும், முருங்கையிலையிலும் இது உண்டு. ஆனால் மீன், இறைச்சியில் உள்ளதைப் போல் உடல் இதை இலகுவில் எடுத்துக்கொள்ளாது. எனவே முருங்கையிலை வறையை அடுப்பால் இறக்கிய பின் தேசிக்காய்ப் புளி விடுங்கள். சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயோ கொய்யாப்பழமோ சேருங்கள். பயறை ஊற வைத்து முளைகட்டிச் சமையுங்கள். தேநீரைச் சாப்பாட்டோடு குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேராமல் தடுக்கும். ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடியுங்கள். எனக்கு இதுதான் கடினமாக இருந்தது!

மூன்றாவது, விற்றமின் பீ12. இது மரக்கறிகளில் இல்லை. பால், தயிர், முட்டையில் உண்டு. நான் தினமும் தயிரோ பாலோ சேர்க்கிறேன். இவை எதையும் சேர்க்காதவர்கள் வைத்தியரிடம் கேட்டு மாத்திரை எடுக்க வேண்டும். கை கால் விறைப்பு, கூடிய மறதி என்பன இதன் குறைபாட்டாலும் வரலாம்.

கல்சியத்துக்குக் குரக்கன் இருக்கிறது. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. குரக்கன் புட்டும் எள்ளுருண்டையும் எங்கள் அம்மாமார் தந்தவைதானே.

மாத்திரையையும் ஒழுங்காக எடுத்தேன். ஆறு மாதத்தில் ஈமோகுளோபின் 12.1 ஆனது. சகோதரிகளே, களைப்பு வந்தால் சாப்பாட்டை மாற்றுவதோடு நின்றுவிடாதீர்கள். இரத்தத்தைச் சோதியுங்கள். மாதவிடாயில் அதிக இரத்தம் போவதும், கொழுக்கிப் புழுவும்கூடக் காரணமாகலாம்.

செலவைப் பற்றியும் கேட்பீர்கள். 2022 இல் எல்லாச் சாமான்களும் விலையேறியபோது எங்களைத் தாங்கியது முற்றத்து முருங்கையும், கிணற்றடிப் பொன்னாங்காணியும், வேலியோரம் போட்ட கௌபியும்தான். தயிர் வாங்க முடியாத கிழமைகளும் இருந்தன. பயறு இல்லாத நாள் இருக்கவில்லை.

இன்னொன்றும் மாற்றினேன். இப்போது பிள்ளைகளோடு ஒன்றாக இருந்துதான் சாப்பிடுகிறேன். பானையின் அடியில் மிஞ்சுவது என் பங்கு என்ற நினைப்பை விட்டுவிட்டேன்.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். நானும் போய் இருந்தேன். வெயிலில் நாட்கணக்காக இருக்கவும், திரும்பத் திரும்பக் கேட்கவும் உடலில் பலம் வேண்டும். என் நேர்த்தி இன்றும் இருக்கிறது. அவருக்காக மச்சத்தை விட்டேன். அவருக்காகவும் பிள்ளைகளுக்காகவும் எனக்காகவும் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

நீங்களும் இன்றிரவே ஒரு சுண்டு பயறை ஊறப் போடுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.