திடீரென்று இடிந்ததாம்

2019 டிசம்பர் 2 அதிகாலையில், மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு பங்களாவின் மதில் ஓட்டு வீடுகள் மேல் விழுந்தது. தூக்கத்திலேயே 17 அருந்ததியர்கள் செத்தார்கள். அன்றைய செய்திகளில் திரும்பத் திரும்ப வந்த சொற்கள் இரண்டு: 'கனமழை', 'திடீரென்று'. இந்தச் சொற்கள் யாரைக் காப்பாற்றுகின்றன?

இரும்புக் கம்பி உடைவதற்கு முன் வளையும். வளைவதைப் பார்த்து நாம் விலகிக்கொள்ளலாம். கல்லும் காரையும் அப்படியல்ல. மேலிருந்து அமுக்கும் பாரத்தை நன்றாகத் தாங்கும். பக்கவாட்டில் தள்ளினால் வளையாமல் பிளந்துவிடும். பார்ப்பவருக்கு அது 'திடீர்'. ஆனால் 1921இலேயே கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கண்ணாடியை வைத்துக் காட்டிவிட்டார்: நொறுங்கும் பொருள் ஏற்கெனவே அதிலிருக்கும் சின்ன விரிசலிலிருந்துதான் உடைகிறது. விரிசல் வளர வளர, உடைக்கத் தேவையான விசை குறைந்துகொண்டே போகும். கடைசியில் ஒரு மழையே போதும். அதற்காக மழையா கொலைகாரன்?

வளைந்து காட்டாத சுவருக்கு எச்சரிக்கை, அதன் நிழலில் வாழ்கிறவர்களின் வாய்தான். சுமார் 20 அடி உயர மதில் ஆபத்தாக நிற்கிறது என்று நடூர் மக்கள் முன்பே சொன்னார்கள். சொன்னது காலனி ஆட்கள். எந்தக் காதில் ஏறும்?

இதே கணக்குதான் 'ஊர் ஒற்றுமை'யிலும். தாசில்தார் அலுவலகத்து அமைதிப் பேச்சுவார்த்தைகளில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். நல்லிணக்கம் கண்ணாடிப் பாத்திரமாம். தேரை எங்கள் தெருவுக்குக் கேட்டால், பொதுப் பாதையில் பிணம் தூக்கிப் போனால், உடைந்துவிடுமாம். (உடைந்தால் பொறுக்கப்போவதும் நாங்கள்தான், அது வேறு கதை.) தனிக்குவளை வைத்தபோது விழுந்த விரிசலை யாரும் பேசமாட்டார்கள். கடைசியாகத் தொட்டவன் கைதான் குற்றவாளி.

நடூரிலும் அதுதான் நடந்தது. நீதி கேட்டு மருத்துவமனை முன் திரண்டவர்கள் மேல் அன்றைக்கே தடியடி. நாகை திருவள்ளுவன் உள்ளிட்டோர் கைது. மதிலின் சொந்தக்காரர் கைதானது மறுநாள். மதிலுக்குப் பின்னால் இருந்த தீண்டாமையை விசாரியுங்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடுங்கள் என்று கேட்டவர்களை 'அரசியல் செய்கிறார்கள்' என்றார்கள். ஒரு மதிலை எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்துக்கு, யாரை மறைக்க எழுப்புவது என்பது அரசியல் இல்லையா?

சேரிகளை ஒட்டி நிற்கும் எல்லா மதில்களையும் ஒவ்வொரு மாவட்ட ஆட்சியரும் கணக்கெடுக்க வேண்டும். அந்தப் பட்டியலை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வெளியிட வேண்டும்.