ஜான் தாம்ஸனும் கூட்டத்தின் தீர்ப்பும்

கால்பந்தாட்டத்திலே, விரைந்துவரும் எதிரியின் காலடியில் தலைகொடுத்துப் பாயக் கடமைப்பட்டவர் கோல் காவலர் ஒருவரே. அக்கடமையில் ஒப்பற்று விளங்கியவர் ஸ்காட்லாந்து தேசத்து ஜான் தாம்ஸன். நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த அவ்விளைஞரை, 17-ஆம் பிராயத்தில், 1926-இல், கிளாஸ்கோ நகரத்துச் செல்டிக் கழகத்தார் சேர்த்துக்கொண்டனர். 1927-இலும் 1931-இலும் அக்கழகம் ஸ்காட்லாந்துக் கோப்பையை வென்றபோது காவல் நின்றவர் அவரே. தேசத்தின் பொருட்டும் 4 முறை ஆடினார்.

1931 செப்டம்பர் 5-ஆம் நாள் ஐப்ராக்ஸ் அரங்கில் ரேஞ்சர்ஸ் கழகத்தோடு ஆடுங்கால், பந்தை நோக்கி விரைந்த சாம் இங்கிலிஷ் என்பாரின் காலடியிற் பாய்ந்தார். முழங்கால் தாக்க மண்டை பிளவுற்று, அன்றிரவே மாண்டார். வயது 22.

நாடு அழுதது, அக்கண்ணீர் மெய்யே. ஆயின் அரங்குதோறும் இங்கிலிஷைக் கொலைஞனென்று கூவினரே, அது தாம்ஸனுக்குச் செய்த மரியாதையாமோ? விசாரணையோ விபத்தென்றே கண்டது. மகனை இழந்த குடும்பத்தாரும் அவரைக் குறைகூறினாரல்லர். தாமே துணிந்து பாய்ந்த வீரரை வெறுங் கொலையுண்டவராக்குதல் அவர்தம் ஆண்மையையே மறைப்பதாகும் என்பது எமது துணிபு. பல்லாயிரவர் நடுவே நின்று ஏசுதற்கோ துணிவு சிறிதும் வேண்டா! இங்கிலிஷ் அப்பருவத்து லீக் ஆட்டங்களில் 44 கோல்கள் அடித்தும் ஆங்கு நிலைக்கமாட்டாது, 1933-இல் லிவர்ப்பூலுக்கு ஏகினார். ஏச்சு அங்கும் தொடர்ந்தது. 1938-இல் ஆட்டத்தையே விட்டார்.