ஆசிரியர் கையிலும் கொஞ்சம் நிதி வேண்டும்



அடல் டிங்கரிங் ஆய்வகம் அமைத்து நடத்த ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மத்திய அரசு தருகிறது. முப்பரிமாண அச்சுப்பொறி, ஆர்டுயினோ பலகை, சென்சார் எல்லாம் வந்து இறங்குகின்றன. அவற்றைக் கையாளக் கற்க விரும்பும் ஆசிரியருக்கோ, சொந்தச் சம்பளம்தான் துணை.

2020 தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொழில்முறைப் பயிற்சி வேண்டும் என்கிறது. அந்த நேரம் முழுவதும் எல்லோருக்கும் பொதுவான கூட்டங்களிலேயே கழிய வேண்டுமா? எனக்கு ஒளியியல் சோதனைகளில் தடுமாற்றம் என்றால், பக்கத்துப் பள்ளி ஆசிரியருக்கு நிரலாக்கத்தில் இருக்கலாம். என்ன தேவை என்பது அவரவருக்குத்தான் தெரியும்.

அந்தத் தேவைக்கேற்பக் கற்க, அரசு ஆசிரியர் கையில் சிறு நிதி தரட்டும்; ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய் போதும். மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் நடத்துவது போன்ற பயிலரங்குக்கு ரயிலில் போய் வரலாம். காகித நுண்நோக்கியான ஃபோல்ட்ஸ்கோப் சில வாங்கி வந்து வகுப்பில் கொடுக்கலாம். ஒரு பக்க விண்ணப்பம், செலவு ரசீது, திரும்பியதும் அருகிலுள்ள பள்ளி ஆசிரியர்களுக்கு அரை நாள் செயல்விளக்கம்: இவ்வளவே நிபந்தனையாக இருக்கட்டும். முக்கியமாக, பணம் பயணத்துக்கு முன்பே கைக்கு வர வேண்டும். செலவழித்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கச் சொன்னால், குடும்பச் சுமை உள்ள ஆசிரியைகள் விண்ணப்பிக்கவே மாட்டார்கள்.

– அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியை, தென்காசி மாவட்டம்