ஐந்து வீட்டுத் தேநீர்



மேகமலையின் லயன் வீடுகளைச் சந்திக்கச் செல்லும் நாள்களில், ஐந்து வீடுகளில் ஜெபித்தால் ஐந்து டம்ளர் தேநீர் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை. மொத்தம் ஏறத்தாழ 40 கிராம். நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடந்த ஆண்டு கீழே இறங்கி இரத்தப் பரிசோதனை செய்தபோது, எனக்கும் சர்க்கரை நோய் என்றார்கள்.

அன்போடு கொடுப்பதை மறுத்தால் அவர்கள் மனம் புண்படாதா என்று எனக்கு நானே பிரசங்கித்துக்கொண்டேன். உண்மை வேறு. அந்த இனிப்பு எனக்கு வேண்டியிருந்தது. விருந்தோம்பலை அதற்குத் திரையாக்கிக்கொண்டேன். (கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமைதான். ஒரு கொத்தோடு நிறுத்துவதுதான் பெரும்பாடு.)

ஏசாவை வெறும் போஜனப்பிரியன் என்று பிரசங்கிப்பதை நான் இப்போது விட்டுவிட்டேன். அவன் வெளியிலிருந்து களைத்து வந்தவன். களைப்பே அவனுடைய சேஷ்டபுத்திரபாகத்தைக் கூழுக்கு விற்கச் செய்தது. நாள் முழுவதும் சரிவில் நின்று கொழுந்து பறித்துவிட்டு வரும் சகோதரி, இனிப்புத் தேநீரையும் தட்டு நிறைய வெள்ளைச் சோற்றையும் நாடுவதில் வியப்பென்ன? 2011 முதல் நியாயவிலைக் கடையில் கிடைக்கும் இலவச அரிசி நம் வீடுகளின் பசியை ஆற்றியது. அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன். ஆயினும் மூன்று வேளையும் அதுவே என்றானபின், நம் பள்ளத்தாக்கின் கம்பும் சோளமும் எங்கே போயின? நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023இல் வெளியான தேசிய ஆய்வு கூறியது. அவர்களில் நம் சபையாரும் உண்டு.

களைத்துப் படுத்திருந்த எலியாவுக்குத் தேவன் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் அனுப்பினார்; பசியை அவர் கடிந்துகொள்ளவில்லை. ஆகவே, உண்பவரை மட்டும் குற்றப்படுத்துவது நியாயமன்று என்பேன். “இன்னும் ஒரு கரண்டி” என்று வற்புறுத்தும் கைக்கும் இதில் பங்குண்டு. அன்பும் இச்சையடக்கமும் ஒரே ஆவியின் கனியென்று பவுல் எழுதியிருக்க, அவை எப்படி ஒன்றையொன்று பகைக்கும்?

சென்ற வாரம், நான் ஜெபித்து முடித்ததும் ஒரு மூதாட்டி டம்ளரை நீட்டினார். தயக்கத்தோடு வாங்கினேன். “ஐயா, இனிப்புப் போடலை. எனக்கும் அதேதான்” என்றார். அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் பின் இரண்டு பாத்திரங்களில் தேநீர் இருக்கும். சர்க்கரை இல்லாத பாத்திரத்தின் அருகில் நான் நிற்பேன்.