லயத்துக்கு ஒரு புகை அலாரம்

லயத்தில் பிடிக்கிற தீ ஒரு காம்பிராவோடு நிற்பதில்லை. காம்பிராவுக்குக் காம்பிரா சுவர் உண்டு. ஆனால் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களின் பழைய லயங்கள் பலவற்றில் அந்தச் சுவர் கூரையைத் தொடுவதில்லை. முதல் வீட்டுக் குசினிப் புகை தகரத்தின் அடியிலேயே ஊர்ந்து கடைசி வீட்டுக்குப் போகிறது. நெருப்புக்கும் அதுதான் பாதை. பரணில் மிலாறும் இறப்பர் விறகும் காய்ந்து கிடக்கின்றன, கூரை மரத்தோடு பழைய வயர் ஓடுகிறது. டவுனிலிருந்து தீயணைப்பு வண்டி தோட்டத்துப் பாதையில் ஏறி வருவதற்குள் என்ன மிஞ்சும்?

அதனால்தான் புகை அலாரத்தைப் பற்றி எழுதுகிறேன். தூங்குகிறவர் மூக்குக்குப் புகை தெரியாது. பல தீ விபத்துகளில் நெருப்பு வந்து சேருவதற்கு முன் புகையே ஆளை மயக்கிக் கொன்றுவிடுகிறது.

வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளை அலாரம் ஒன்றை வாங்கி அனுப்பினால் குசினியில் மாட்டாதீர்கள். விறகடுப்பு மூட்டும் ஒவ்வொரு வேளையும் அலறும். தொல்லை தாங்காமல் யாராவது பெட்டரியைக் கழற்றிவிடுவார்கள். குசினிக்கென்று புகையை விட்டுச் சூட்டை மட்டும் உணரும் வகை தனியாக இருக்கிறது. புகை அலாரம் படுக்கிற அறைக்கு. அங்கும் தகரத்தோடு ஒட்டி வேண்டாம், சற்றே கீழே இருக்கட்டும்: வெயிலில் காய்ந்த தகரத்தடியில் சூடான காற்று தேங்கி, புகையை மேலே ஏறவிடாது.

மாட்டியதோடு வேலை முடியவில்லை. மாதம் ஒருமுறை, சம்பள நாளென்று வைத்துக்கொள்ளுங்கள், அதிலுள்ள பட்டனை அமுக்கிச் சத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நம் வீடுகளில் கரி சீக்கிரம் படியும். மெல்லிய பிரஷால் தட்டிவிட வேண்டும். சிறு சிலந்தி உள்ளே புகுந்தாலும் வீணாகக் கத்தும். விட்டுவிட்டுக் கீச்சிட்டால் பெட்டரி தீர்கிறது என்று பொருள். 10 வருடம் ஆனால், சத்தம் வந்தாலும் அலாரத்தை மாற்றத்தான் வேண்டும். செய்த திகதி பின்பக்கத்தில் இருக்கும்.

ஆனால் ஒரு காம்பிராவில் மட்டும் அலாரம் இருந்து பயனில்லை. ஒரே கூரை என்றால் எல்லா வீட்டிலும் வேண்டும். அந்தச் செலவு தொழிலாளியின் தலையில் விழக் கூடாது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகத்தைக் கம்பெனிகள் எடுத்தபோது லயங்களும் அவர்கள் கைக்குத்தான் போயின. இங்கிலாந்தில் வாடகை வீட்டின் ஒவ்வொரு மாடியிலும் புகை அலாரம் வைப்பது வீட்டுக்காரர் கடமை; பழுதென்று சொன்னால் திருத்தித் தரவும் வேண்டும் என்று 2022 அக்டோபர் 1 முதல் சட்டம் சொல்கிறது. நம் தலைவர்மார் துரையிடம் தகரம் கேட்டுப் போகும்போது, சுவரைக் கூரைவரை எழுப்பவும் வயரை மாற்றவும் காம்பிராவுக்கு ஓர் அலாரம் தரவும் சேர்த்தே கேட்கட்டும்.