பாலம் கட்டியவரும் பரம்பரைத் தொழிலும்

ஆனந்த குமாரசாமி கீழ்நாட்டுக் கலைக்கும் மேல்நாட்டுக்கும் பாலம் கட்டியவர் என்று பண்டிதர்கள் புகழ்கிறார்கள். அவர் திறமையை நாம் மறுக்க வரவில்லை. 1917 முதல் 1947இல் சாகும்வரை அமெரிக்காவின் போஸ்டன் மியூசியத்தில் இந்தியக் கலைப்பொருள்களுக்குப் பொறுப்பாயிருந்தவர். நமது சிலைகளைக் கோரமென்று இகழ்ந்த வெள்ளைக்காரரை அவற்றின் முன் வியந்து நிற்கச் செய்தவர்களில் முக்கியமானவர். அந்த மியூசியத்தில் நடராசர் முன் நிற்கிறவனை, "நீ என்ன ஜாதி?" என்று கேட்பாரில்லை. நம் சென்னை மாகாணத்திலோ ஆதிதிராவிடருக்குக் கோயில் கதவைத் திறக்க 1947இல் ஒரு சட்டமே வேண்டியிருந்தது!

இவ்வளவு கண்ட பெரியவர் எழுதியதென்ன? வர்ணாசிரமம் உயர்ந்த ஏற்பாடாம். பரம்பரைத் தொழிலால்தான் கலை வளர்ந்ததாம். சிற்பி தன் பெயரைச் சொல்லாதது பெருமையாம். 1918இல் சிவ நடனத்தின் பெயரால் வந்த புத்தகத்திலேயே உடன்கட்டையேறிய பெண்களின் பதிபக்திக்கும் வக்காலத்து!

புதுச்சத்திரம் தோழர்களே, நாமக்கல் சந்தைக்குப் போகும்போது மலையைக் குடைந்த நரசிம்மர் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். உளி பிடித்தவன் பெயர் யாருக்காவது தெரியுமா? அவனாகவா பெயரை மறைத்தான்? செதுக்குகிறவரை சிலை அவனுடையது. கும்பாபிஷேகம் ஆனதும் அவன் தொட்டால் தீட்டு. இதற்குப் பெயர் அடக்கமாம்!

அய்யா குமாரசாமியின் தந்தையார் சர் முத்துக் குமாரசாமி கொழும்பில் பாரிஸ்டர். மகனோ லண்டனில் மண்ணியல் படித்தார், இலங்கையில் கனிமம் தேடினார், பிறகு போஸ்டனில் சிலை காத்தார். அப்பன் தொழிலை விட்டதால் அவருடைய எந்தக் கலை கெட்டது? அதே உரிமையைத் தச்சன் மகனும் சக்கிலியர் மகனும் கேட்டால் மட்டும் தர்மம் சாய்ந்து விடுமா என்று அவரைப் புகழும் பண்டிதர்களைக் கேட்கின்றோம்.